கண்காணியும் கங்காணியும்

பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரிலே, தமிழ்க் கடைகள் நிறைந்த லெபோ பசாருக்குச் சற்று வடக்கே இரண்டு வீதிகள் உள்ளன. ஒன்றின் பெயர் லெபோ கெரேஜா. மற்றொன்றின் பெயர் லெபோ பிஷப். நாள்தோறும் அவ்வழியே நடக்கும் நம் மக்களைப் பார்த்து, கெரேஜா என்னும் சொல் எங்கிருந்து வந்தது, பிஷப் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலரே. வீதியில் நடப்பவன் வீதியின் பெயருக்குப் பொருள் அறியாதிருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால், ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று, முழந்தாளிட்டு, இத்தகைய சொற்களையே வாயால் உச்சரித்து, இச்சொற்களைப் பட்டமாகத் தாங்கியவர்களுக்குத் தலை வணங்கி, தம் கூலியிலிருந்து காணிக்கையும் இட்டு வருகின்ற தமிழ்க் கிறிஸ்தவ மக்கள் அவற்றின் பொருளை அறியாதிருப்பது நட்டம், பெரு நட்டம். அவர்களை அறியாதவர்களாகவே விட்டு வைத்திருப்பது குற்றம். அக்குற்றத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லி விடுகிறோம். ஒருவர் எதை நம்ப வேண்டும், எதை நம்பலாகாது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. ஆனால் தமிழில் வழங்கும் சொல் எதுவாயினும் அது தமிழர் யாவர்க்கும் பொதுவுடைமை. அதன் பொருளை விசாரிக்கும் உரிமை குருமார்க்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. பால் மரம் வெட்டும் கைக்கும் அவ்வுரிமை உண்டு.

பிஷப் என்னும் சொல்லையே எடுத்துக் கொள்வோம். இது ஆங்கிலத்தில் முளைத்த சொல் அன்று. புதிய ஏற்பாடு முதன் முதலில் எழுதப்பட்ட கிரேக்க மொழியிலே எபிஸ்கொப்பொஸ் என்பதே இதன் மூலம். 'எபி' என்பது மேல். 'ஸ்கொப்பொஸ்' என்பது பார்ப்பவன். மேலிருந்து பார்த்துக் கொள்பவன் என்பதே பொருள். அக்காலத்தில் அது புனிதச் சொல் அன்று. கட்டட வேலையை மேற்பார்ப்பவனுக்கும் ஊர்க் காரியங்களைக் கவனிப்பவனுக்கும் வழங்கிய சாதாரணச் சொல். இதனைத் தமிழாக்கியவர்கள் நேர்மையாகவே தமிழாக்கினார்கள். 1871-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் நம் புரொட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பிஷப் இல்லை. அங்கே இருப்பவர் கண்காணி!

கண்காணி! இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தோட்டப்புறத் தமிழனின் உள்ளம் என்ன எண்ணும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்காணி என்பதே பேச்சு வழக்கில் கங்காணி ஆயிற்று. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் மலாயா எங்கும் பரந்த ரப்பர்த் தோட்டங்களிலும் நம் முன்னோரின் விடியலும் அந்தியும் இச்சொல்லைச் சுற்றியே கழிந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிந்த பின்னர், ஆள் கட்டும் வேலை பெரிதும் கங்காணியின் கைக்கே வந்தது. அவன் தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரிடம் பேசி, முன்பணம் கொடுத்து, கப்பலேற்றி அழைத்து வந்தான். வேலைக்கு வந்த ஆளைக் கணக்கிட்டு அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. உதவிப் பணம் பெற்றுக் கூலி வேலைக்குக் கடல் கடப்பதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடுத்தபோது அம்முறையும் ஓய்ந்தது. கங்காணிகளில் நல்லோர் இல்லாமற் போகவில்லை. கோயிலும் பள்ளிக்கூடமும் எழுப்பியோர் உண்டு. ஆயினும், கடனைக் கொடுத்துக் கழுத்தை நெரித்தவர்களும், தாமே கடை வைத்துத் தாமே கணக்கெழுதித் தாமே கூலியைப் பிடித்துக் கொண்டவர்களும் இருந்தனர் என்பதை எந்தத் தோட்டத்து முதியவரும் மறுக்க மாட்டார்.

ஆகவே, தோட்டத்துக் கிறிஸ்தவனைப் போல இந்த வேத வார்த்தையின் உட்பொருளை உணரத் தக்கவன் உலகில் வேறெவனும் இல்லை. கண்காணி என்பவன் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் அல்லன். மரமும் அவனுடையதன்று, மண்ணும் அவனுடையதன்று, ஆட்களும் அவனுடைய ஆட்கள் அல்லர். அவன் வேறொருவரின் பொருளைப் பார்த்துக் கொள்பவன். பார்த்துக் கொண்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவன். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் இந்தக் கண்காணிக்குரிய இலக்கணத்தை வகுக்கிறது. அவன் குடியில் மயங்கலாகாது, அடிக்கலாகாது, காசின் மேல் கண் வைக்கலாகாது, வந்தவரை உபசரிக்க வேண்டும், கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வெளியாரிடத்திலும் நற்பெயர் எடுத்திருக்க வேண்டும். தோட்டத்தில் நம் பாட்டன்மார் எந்த எந்தக் குறைகளைக் கங்காணியிடம் கண்டு பெருமூச்செறிந்தார்களோ, அந்த அந்தக் குறைகளே சபைத் தலைவனுக்கு ஆகாதவை என்று அங்கே எழுதப்பட்டிருக்கின்றன!

இதனை எத்தனை பிரசங்கிமார் தம் மக்களுக்கு எடுத்துரைத்திருக்கின்றனர்? எடுத்துரைப்பதற்கு மாறாக, அச்சொல்லின் மேல் போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்தி வைத்தனர். கத்தோலிக்கர் பன்னெடுங் காலம் மேற்றிராணியார் என்றனர். அது சுரியானி வழி வந்த சொல். புரொட்டஸ்டண்டுகளில் ஒரு சாரார் அத்தியட்சர் என்றனர், அது வடமொழி. மேற்பார்ப்பவன் என்னும் மூலப் பொருள் அதில் உண்டெனினும், பாமரன் காதில் அது வெறும் இடியோசையாகவே விழுந்தது. இக்காலத்துப் பட்டணவாசிகளோ பிஷப் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்து விடுகின்றனர். தன் தலைவரைக் கண்காணி என்று அழைக்கும் சபை ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. காரணம் யாதெனில், அந்தச் சொல் விளங்கி விடும். விளங்கி விட்டால் மக்கள் கணக்குக் கேட்பார்கள்.

மற்றப் பட்டங்களின் கதையும் இதுவே. ஆங்கிலத்தில் பிரீஸ்ட் என்று கம்பீரமாய் ஒலிக்கும் சொல் கிரேக்கத்தில் பிரெஸ்பித்தெரொஸ் என்பதன் சிதைவு. அதன் பொருள் மூப்பர், அதாவது ஊரில் வயதும் அனுபவமும் உடையவர். டீக்கன் என்பது தியாக்கொனொஸ். பந்தியில் நின்று பரிமாறுபவன், ஏவல் செய்பவன். தமிழ் வேதாகமம் அதை உதவிக்காரர் என்று அழகாகவே சொல்கிறது. பாஸ்டர் என்பது இலத்தீனில் ஆடு மேய்ப்பவன். மினிஸ்டர் என்பதும் இலத்தீனில் வேலைக்காரன். பாதிரி என்பது போர்த்துக்கேசியர் தந்த சொல். தகப்பன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மூப்பர், உதவிக்காரர், மேய்ப்பர், வேலைக்காரர், தகப்பன். இவையெல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தக்க சொற்கள். இவற்றை அந்நிய மொழியில் வைத்திருப்பதால் அவை மேடையில் ஏறி நின்று நம்மைக் கீழே பார்க்கின்றன.

நிற்க. கோயிலைப் பற்றிய சொல்லைப் பார்ப்போம். மலாய் மொழியில் கெரேஜா என்பது போர்த்துக்கேசியரின் இக்ரேஜா. அதுவும் கிரேக்கத்து எக்லேசியாவிலிருந்து வந்ததே. எக்லேசியா என்பது கட்டடம் அன்று. கிரேக்க நகரங்களில் ஊர்க் காரியம் பேசுவதற்காக அழைப்புப் பெற்றுக் கூடிய குடிமக்கள் கூட்டத்துக்கு அப்பெயர். எபேசு நகரத்தில் நடந்த கலகத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்திலும் கிரேக்க மூலம் ஊர்க் கூட்டத்துக்கு இதே சொல்லைத்தான் வழங்குகிறது. தமிழில் இதனைச் சபை என்றது மிகப் பொருத்தம். சபை என்றால் கூடியிருக்கும் மனிதர். சுண்ணாம்பும் செங்கல்லும் அல்ல. எனினும், சபைக்கு நன்கொடை என்றால் கூரைக்கும் கோபுரத்துக்கும் என்றே நம்மவர் எண்ணுகின்றனர். கூடியிருக்கும் மனிதரில் வேலையிழந்தவன் எவன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப இயலாதவள் எவள் என்று கேட்பது சபைக் காரியமாகத் தோன்றுவதில்லை.

சபை என்னும் சொல்லின் பொருளை மறந்ததால் நேர்ந்த கொடுமைக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரமே சாட்சி. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், ஒரே தெய்வத்தை வணங்க வந்தவர்களைச் சாதி வாரியாகப் பிரித்து நிறுத்துவதற்காகக் கோயிலுக்குள்ளே சுவர் எழுப்பி வைத்திருந்தனர். 1910-ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. புரொட்டஸ்டண்டு சபைகளில் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டுமென்று கல்கத்தாப் பிஷப் தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில் கட்டளையிட்டபோது, அதற்கு எழுந்த எதிர்ப்புக் கொஞ்சமன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெரும் புலவர். அவர் பாட்டின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரேனியஸ் பாதிரியார் வேதாகமத் தமிழைத் திருத்தப் புகுந்தபோது, பழைய சொல்லை மாற்றலாகாது என்று முழங்கியவர் அவர். கோயிலில் சாதிப்படி உட்காரும் வழக்கத்தை மாற்றலாகாது என்று வாதாடியவரும் அவரே. இவ்விரண்டும் தற்செயலாய் ஓரிடத்தில் சேர்ந்தவை என்று நாம் கருதவில்லை. சொல்லை அசைத்தால் ஆசனம் அசையும். ஆசனத்தில் இருப்பவர்க்கு இது நன்றாய்த் தெரியும்.

இங்கே சிலர் ஆட்சேபிப்பார்கள். வழி வழியாய் வந்த சொற்கள் புனிதமானவை. அவற்றைத் தொடலாகாது என்பார்கள். எந்தச் சொல் வழி வழியாய் வந்தது, ஐயா? தமிழ் எழுத்தில் முதன் முதல் அச்சான நூல் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. அதன் பெயரே தம்பிரான் வணக்கம். கடவுள் அங்கே தம்பிரான். 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியிடத்தில் அவர் சர்வேசுரன். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் சர்வேசுரன் என்றே எழுதினார். பின் வந்த பப்ரிசியுசுவிடத்தில் அவர் பராபரன். 1871-ஆம் ஆண்டு வேதாகமத்தில் தேவன். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியத்தில் கடவுள். நானூறு ஆண்டுகளில் கடவுளுக்கே ஐந்து பெயர் மாறியிருக்க, கண்காணியின் பட்டத்தை மட்டும் தொடலாகாது என்பது எந்த நியாயம்?

இலத்தீனின் கதை இதனினும் வேடிக்கை. புலாவ் தீக்குஸ் பகுதியில் கீழ்த்திசை நாடுகள் பலவற்றின் இளைஞர்களைக் குருமாராக்கிய செமினாரியின் கல்வி நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. பல மொழியினர் கூடிய இடத்தில் பொது மொழி ஒன்று வேண்டியிருந்தது என்பதை ஒப்புக் கொள்கிறோம். ஆனால் கோயிலில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கு இலத்தீன் எதற்கு? பூசை முழுதும் அவனுக்கு விளங்காத மொழியில் நடந்தது. அவன் மணியோசை கேட்டபோது குனிந்தான், மறுபடியும் கேட்டபோது நிமிர்ந்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டில் வழிபாட்டில் தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதுகாறும் புனிதத்தின் பெயரால் பூட்டப்பட்டிருந்த கதவு, ஓர் ஆணையால் திறந்து கொண்டது. அப்படியானால் பூட்டு எங்கே இருந்தது? மொழியில் இல்லை, மனத்தில் இருந்தது.

மற்றொரு சாராரும் உண்டு. வடசொல்லைக் களைந்து தனித்தமிழ்ச் சொல்லை வைத்து விட்டோம், வேலை முடிந்தது என்று இவர்கள் களிக்கின்றனர். ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, இரட்சிப்பு மீட்பாயிற்று. நன்று. தமிழ்ச் சொல் தமிழனுக்கு அருகில் இருப்பது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விளக்காமல் வைத்தால் தனித்தமிழும் இலத்தீனே. அன்றியும், பழஞ்சொல் எல்லாம் இருள் என்று எண்ணுவதும் பிழை. வீட்டுக்கு வந்தவரை என்ன விசேஷம் என்று நாம் கேட்பதில்லையா? விசேஷம் என்றால் செய்தி என்பதைப் பாமரனும் அறிவான். நல்ல விசேஷமே சுவிசேஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! மனந்திரும்புதல் என்னும் சொல்லோ மொழிபெயர்ப்புக்கே ஒரு முடி. கிரேக்கத்தில் மெத்தனொயியா என்றால் மனம் மாறுதல். இலத்தீன்காரர் அதைத் தண்டனைப் பொருள் தொனிக்கும் சொல்லால் பெயர்த்து, மேல்நாட்டாரைப் பல நூற்றாண்டுகள் பிராயச்சித்தத்தில் அலைய விட்டனர். தமிழ் அதை நேரே பிடித்தது. போன வழி பிழையென்று கண்டால் திரும்பு என்கிறது. நம் கையில் இருக்கும் பொன்னை நாமே அறியாமல் இருக்கிறோம்.

மீட்பு என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மூலத்தில் அது ஆகாயத்திலிருந்து இறங்கிய சொல் அன்று. சந்தையில் வழங்கிய சொல். அடிமையைப் பணம் கொடுத்து விடுவிப்பதற்கு அப்பெயர். நகையை அடகு வைத்து மீட்டவர்களுக்கும், முன்பணக் கடனில் தம்மையே அடகு வைத்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கும் இதைவிடத் தெளிவாக விளங்கக்கூடிய சொல் வேறு உண்டோ? ஆனால் அதனைச் செத்த பின் கிடைக்கும் பரிசு என்று மட்டுமே சொல்லிச் சொல்லி, இந்த உலகத்துக் கடனிலிருந்தும் அடிமைத் தனத்திலிருந்தும் மனிதன் மீளுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆக்கி விட்டனர். பொருள் போய் விட்டால் சொல் உறையாக நிற்கிறது. உறைக்குள் எதையும் போட்டுக் கொள்ளலாம்.

நம் பெயர்களே நமக்கு விளங்குவதில்லை. சின்னப்பன் என்று தோட்டந்தோறும் பெயர் உண்டு. பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவன் என்பது பொருள். ஆதலால் பவுலைச் சின்னப்பர் என்றனர் பழங் கத்தோலிக்கர். யோவான் என்னும் எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்னும் பொருள் உண்டு; ஆதலால் அவர் அருளப்பர். யோசேப்பு என்பதில் பெருகுதல் என்னும் பொருள் கண்டு வளன் என்று பெயரிட்டார் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். 1745-ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்று, 2022-ஆம் ஆண்டில் புனிதராய் அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயர், கடவுள் உதவினார் என்னும் எபிரேயப் பெயராகிய இலாசருவின் நேர்த் தமிழ். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாமில் ஆயிரமாயிரம் பேர் மெழுகுவர்த்தி ஏந்தி வலம் வரும் அன்னம்மாள் கோயிலின் பெயரும் அருள் என்னும் அதே எபிரேய வேரிலிருந்து பிறந்ததே. இத்தனை பொருள் நிறைந்த பெயர்களைச் சுமந்து கொண்டு, சின்னப்பன் என்பது பட்டிக்காட்டுப் பெயர் என்று நாணி, பிள்ளைக்குப் பால் என்று பெயர் வைக்கிறான் பட்டணத்துத் தமிழன். இரண்டும் ஒரே பெயர் என்பதை அவனுக்கு யார் சொன்னார்?

இனி, சொற்களைப் பூட்டுவது பற்றி நம் நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்ததையும் எண்ண வேண்டும். தமிழ்ப் பகுதியும் உடைய ஹெரால்டு என்னும் கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பகுதியில் அல்லாஹ் என்னும் சொல்லை வழங்குவதை உள்நாட்டு அமைச்சு 2007-ஆம் ஆண்டில் தடுத்தது. 2009-ஆம் ஆண்டு இறுதியில் உயர் நீதிமன்றம் இதழுக்குச் சார்பாய்த் தீர்ப்பளித்தது. 2013-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது. அவ்வாண்டு ஜனவரியில் பினாங்கு முப்தி, முஸ்லிம் அல்லாதார் வழங்கலாகாத நாற்பது சொற்களை நினைவூட்டினார். நபி, ஈமான், இமாம் முதலியவை அவற்றுட் சில. அவ்வழக்கின் நியாய அநியாயங்களை விரித்துரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கிறிஸ்தவ அன்பர்கள் அப்போது வருந்தினார்கள். சொல்லைப் பூட்டலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வியே. அதே கேள்வியை அவர்கள் தம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். வெளியார் நாற்பது சொற்களைப் பூட்டினால் கூக்குரல். உள்ளே இருப்போர் பொருளை மறைத்து நானூறு சொற்களைப் பூட்டினால் மௌனம்! இது என்ன நீதி?

பக்கத்துத் தெருவைப் பார்த்தேனும் கற்கலாம். கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலைச் சார்ந்த தமிழ் முஸ்லிம் மக்கள் அரபு வேதத்தைக் கண்ணெனப் போற்றுபவர்கள். ஆயினும் வீட்டில் அவர்கள் சொல்வது தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். மூன்றும் நல்ல தமிழ். அச்சொற்களால் அவர்கள் பக்தி ஒரு தினையளவும் குறைந்து விடவில்லை. குழந்தைக்கும் விளங்குகிறது, கிழவிக்கும் விளங்குகிறது.

இது வெறும் அகராதிச் சண்டை என்று எவரும் எண்ண வேண்டா. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறி வருகின்றன. அங்கிருந்த சிறு சபைகள் பட்டணத்துச் சபைகளோடு கலக்கின்றன. பட்டணத்திலோ தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆங்கில ஆராதனைக்குச் செல்கின்றனர். தாத்தா சொல்லுவது பேரனுக்கு விளங்கவில்லை; பேரன் பாடுவது தாத்தாவுக்கு விளங்கவில்லை. இருவரும் ஆமென் என்று மட்டும் ஒன்றாய்ச் சொல்லுகின்றனர். அது மெய்யாகவே ஆகுக என்னும் எபிரேயச் சொல் என்பது இருவருக்கும் தெரியாது. இந்தத் தலைமுறையில் பொருளை எடுத்துச் சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் சொல்லவும் ஆளிராது, கேட்கவும் ஆளிராது.

ஆதலால் நாம் கேட்பது அதிகமன்று. ஒவ்வொரு தமிழ்ச் சபையிலும் ஞாயிறுதோறும் ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது எம்மொழியிலிருந்து வந்தது, அதன் பொருள் யாது, அப்பொருளுக்குத் தக்கபடி நாம் நடக்கிறோமா என்று கால் மணி நேரம் பேசுக. ஓய்வுநாட் பள்ளியில் பிள்ளைகளுக்கு அவரவர் பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுக்க. சபைப் பட்டங்களை ஆங்கிலத்தில் அச்சிடும் இடத்திலெல்லாம் அவற்றின் தமிழ்ப் பொருளையும் கீழே அச்சிடுக. கண்காணி எனப்படுபவர் ஆண்டுக்கொரு முறை சபை முன் நின்று வரவு செலவை வாசிக்கட்டும். உதவிக்காரர் எனப்படுபவர் யாருக்கு என்ன உதவி செய்தார் என்று சொல்லட்டும். இதற்குப் பணம் வேண்டா. ரோமாபுரியின் அனுமதி வேண்டா. தைரியம் ஒன்றே வேண்டும்.

தோட்டத்துத் தோழர்களே! நீங்கள் கங்காணியைக் கண்டு நடுங்கிய காலம் போயிற்று. அவனிடம் பெயர்ப் பட்டியலைக் கேட்கவும், கூலிக் கணக்கைக் கேட்கவும், தொழிற்சங்கம் அமைத்து எதிர்த்து நிற்கவும் கற்றுக் கொண்டீர்கள். அங்கே கற்ற பாடத்தைக் கோயில் வாசலில் செருப்போடு சேர்த்து விட்டு விட்டு உள்ளே போகாதீர்கள். அங்கே இருப்பவரும் கண்காணிதான். உங்கள் வேதமே அப்படிச் சொல்கிறது.